உற்பத்தியில் சாதனை என்கிறார்கள். அப்புறம் ஏன் விவசாயி கடனில் இருக்கிறார்?

கேள்வி இதுதான்: இந்தியாவில் தானிய உற்பத்தி வருடாவருடம் புதிய உச்சத்தைத் தொடுவதாகச் செய்தி வருகிறது. அதே நாளிதழின் இன்னொரு பக்கத்தில் விவசாயி கடன், விவசாயி தற்கொலை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்? விளைச்சல் போதவில்லையா, விலை போதவில்லையா, இல்லை விவசாயிகள் பழைய முறையையே பிடித்துக்கொண்டிருக்கிறார்களா?

இரண்டும் உண்மைதான். நான் காவிரி டெல்டாவில் வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒன்பது மா நிலத்தில் சொந்தமாகச் சாகுபடி செய்கிறேன். எங்கள் பக்கம் மூன்று மா ஒரு ஏக்கர். பஞ்சாபையும் மகாராஷ்டிராவின் விதர்பாவையும் படித்துத் தெரிந்துகொண்டேன். டெல்டாவை நடந்து தெரிந்துகொண்டேன். அதனால் என் உதாரணங்கள் பெரும்பாலும் நெல்லாகவே இருக்கும். நாடு முழுவதற்கும் பொருந்துகிற இடத்தில் அதையும் சொல்கிறேன்.

முதலில் விளைச்சலைப் பார்த்துவிடுவோம், அதில் சந்தேகத்துக்கு இடமில்லை. 1950-51ல் நாட்டின் மொத்த உணவு தானிய உற்பத்தி சுமார் 5.1 கோடி டன். 2023-24ல் அது 33.2 கோடி டன். இடையில் மக்கள்தொகை ஏறக்குறைய நான்கு மடங்கு ஆனது; தானியம் ஆறு மடங்குக்கும் மேல் ஆனது. 1960களின் நடுவில் இரண்டு வருடம் அடுத்தடுத்து மழை பொய்த்தபோது அமெரிக்காவிலிருந்து கோதுமைக் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடை திறக்கும் என்கிற நிலைமை. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஆடுதுறை 27 நெல் ரகம் பரவியது, பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர்.8 வந்தது, பஞ்சாபில் குட்டைக் கோதுமை வந்தது. அதற்குப் பின் இந்த நாடு சோற்றுக்குக் கையேந்தவில்லை. இன்று உலக அரிசி ஏற்றுமதியில் முதலிடம் நமக்குத்தான். பசுமைப் புரட்சியைக் குறை சொல்ல நிறைய இருக்கிறது, நானும் சொல்வேன். ஆனால் அந்தப் பஞ்ச காலத்தைப் பார்த்த என் அப்பா ஐ.ஆர்.8 நெல்லைப் பற்றிப் பேசும்போது குரலே மாறிவிடும். அதையும் மறக்க முடியாது.

ஆக, நெல் இருக்கிறது. நெல் போட்டவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

2023-24 கணக்கில் நாட்டில் வேலை செய்பவர்களில் நூற்றுக்கு 46 பேர் விவசாயத்தில் இருந்தார்கள். நாட்டின் மொத்த வருமானத்தில் விவசாயத்தின் பங்கு சுமார் 18 சதவிகிதம். நூறு பேர் சாப்பிடும் பந்தியில் 46 பேருக்குப் பதினெட்டு இலை என்றால் கதை விளங்கிவிடும். நிலமும் சுருங்கிக்கொண்டே போகிறது. 1970-71ல் ஒரு சாகுபடியாளரின் சராசரி நிலம் 2.28 ஹெக்டேர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் 1.08 ஹெக்டேர். தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அப்பா பத்து ஏக்கர், மூன்று பிள்ளைகள், அவர்களுக்குப் பிள்ளைகள். வரப்பு கூடிக்கொண்டே போகிறது, வயல் குறைந்துகொண்டே போகிறது.

2018-19ல் மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு விவசாயக் குடும்பங்களின் வருமானத்தைக் கணக்கெடுத்தது. சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிர் மூலம் வந்தது 3,798 ரூபாய். கூலி, சம்பளம் மூலம் வந்தது 4,063 ரூபாய். மாடு, ஆடு, கோழி மூலம் 1,582 ரூபாய். இந்த வரிசையை நான் பலமுறை கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் யாராவது "திரும்பச் சொல்லுங்க" என்பார்கள். "விவசாயக் குடும்பம்" என்று அரசே பெயர் வைத்திருக்கும் வீட்டுக்கு அதிகப் பணம் கொண்டுவருவது விவசாயம் இல்லை, கூலி. அந்தக் குடும்பங்களில் பாதிக்குக் கடன் இருந்தது. சராசரிக் கடன் 74,121 ரூபாய்.

சராசரி எப்போதும் மேடு பள்ளத்தை நிரவிக் காட்டும். ஒரே ஒரு வீட்டுக் கணக்கைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். என் வயலுக்கு அடுத்த ஆறு மாவைக் குத்தகைக்குச் செய்கிற ஒரு அக்கா இருக்கிறார். நிலக்காரர் சென்னையில். 2024-25 சம்பாவுக்கு அவர் செலவை அவரே ஒரு பழைய பள்ளி நோட்டில் எழுதி வைத்திருந்தார். உழவு, அண்டை வெட்டு, விதை, நாற்றங்கால், நடவு, களை, மூன்று தவணை உரம், இரண்டு முறை மருந்து, அறுவடை மெஷின், டிராக்டர் வாடகை, ஏற்று கூலி, இறக்கு கூலி. எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு 30,000 ரூபாய்க்குக் கொஞ்சம் முன்பின். கண்டது 60 கிலோ மூட்டையில் 30 மூட்டை, 18 குவிண்டால். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் சன்ன ரகத்துக்கு ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,450 ரூபாய். மொத்தம் 44,100. குத்தகை ஏக்கருக்கு 8 மூட்டை, விலையில் 11,760 ரூபாய். செலவையும் குத்தகையையும் கழித்தால் மிச்சம் ஏக்கருக்கு 2,340 ரூபாய். அவரும் அவர் மகனும் இறங்கிச் செய்த வேலைக்கு இதில் கூலி போடவில்லை. ஐந்து மாதம் விடிகாலையில் மடை பார்க்கப் போனதற்கும் கூலி இல்லை.

இத்தனைக்கும் அது நல்ல வருடம். எங்கள் வயலில் புயல் சேதம் இல்லை, பூச்சி கட்டுக்குள் இருந்தது, நெல் கொள்முதல் நிலையத்தில் விற்றது.

விலை போதவில்லையா என்று கேட்டீர்கள். குறைந்தபட்ச ஆதரவு விலை எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில்தான் இதற்குப் பதில் இருக்கிறது. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம், உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவிகிதம் சேர்த்து விலை கொடுக்க வேண்டும் என்று 2006ல் சொன்னது. 2018 பட்ஜெட்டில் அதைச் செய்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. பிரச்சினை "செலவு" என்ற சொல்லில் இருக்கிறது. விதை, உரம், கூலி, மெஷின் வாடகை என்று கையை விட்டுப் போன பணத்தோடு வீட்டு ஆட்களின் உழைப்பையும் சேர்த்தால் அது ஒரு கணக்கு. அதற்கு ஏ2 பிளஸ் எஃப்.எல் என்று பெயர். அதன் மேல் சொந்த நிலத்தின் வாடகை மதிப்பையும் போட்ட முதலுக்கு வட்டியையும் சேர்த்தால் இன்னொரு கணக்கு, சி2. அரசு ஒன்றரை மடங்கு கொடுப்பது முதல் கணக்குக்கு; விவசாயச் சங்கங்கள் கேட்பது இரண்டாவது கணக்குக்கு. 2024-25ல் சாதாரண ரக நெல்லுக்கு முதல் கணக்கில் குவிண்டாலுக்கு 1,533 ரூபாய் செலவு என்று வைத்து 2,300 ரூபாய் விலை நிர்ணயித்தார்கள். கொடுத்த குத்தகை ஏ2வில், அதாவது கையை விட்டுப் போன பணத்தில், சேரும் என்பது சரி. ஆனால் சொந்த நிலக்காரரையும் குத்தகைக்காரரையும் சேர்த்துச் சராசரி போடும்போது, அந்த அக்காவின் 11,760 ரூபாய் அதில் கரைந்து காணாமல் போய்விடுகிறது.

அந்த விலையாவது எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? 2015ல் மத்திய அரசு அமைத்த சாந்தகுமார் குழு, நாட்டில் சுமார் 6 சதவிகித விவசாயிகள்தான் ஆதரவு விலையில் அரசு முகமைகளுக்கு விற்கிறார்கள் என்று எழுதியது. தமிழ்நாட்டு நெல் விவசாயி அந்த விதத்தில் கொடுத்து வைத்தவர், இங்கே கொள்முதல் நிலையங்கள் உண்டு. பீகாரில் விளைபொருள் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் மண்டிச் சட்டத்தை 2006லேயே எடுத்துவிட்டார்கள்; அங்கே பெரும்பாலான நெல் ஆதரவு விலைக்குக் கீழேதான் கைமாறுகிறது.

கொடுத்து வைத்தவர் என்று சொன்னேன். அந்த வாசலில் நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது. சில வருடம் முன்பு ஒரு அக்டோபரில் என் குறுவை நெல்லோடு ஒரு கொள்முதல் நிலையத்தில் ஒன்பது நாள் கிடந்தேன். வடகிழக்குப் பருவமழை இறங்கிய நேரம். மெஷினில் அறுத்த நெல் வயலிலிருந்து வரும்போதே ஈரம் 22, 23 சதவிகிதம் இருக்கும். வாங்குவதற்கு விதி 17. உலர்த்துவதற்குக் களம் இல்லை, தார்ச் சாலையின் ஓரம்தான் களம். வெயில் வந்தால் பிரித்துக் கொட்டி காலால் கிளறிவிடுவோம், மேகம் கறுத்தால் ஓடி ஓடிக் குவித்துத் தார்ப்பாய் போடுவோம். ஒரு நாளில் நான்கு முறை. ஏழாவது நாள் குவியலுக்குள் கையை விட்டேன், சூடாக இருந்தது. எடுத்துப் பார்த்தால் நெல் முனையில் வெள்ளையாக முளை. பக்கத்தில் ஒரு பெரியவர், குவியலின் மேல் கை வைத்துக்கொண்டு எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் குவியல் என்னுடையதைவிடத் தாழ்வான இடத்தில் இருந்தது, அடியில் தண்ணீர் புகுந்துவிட்டது. பலர் அன்றைக்கே தனியார் வியாபாரிக்குக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு உலர்த்தும் இயந்திரமும் நான்கு பக்கம் திறந்த ஒரு கொட்டகையும் இருந்திருந்தால் அந்த நெல் தப்பியிருக்கும். ஆதரவு விலையில் நூறு ரூபாய் ஏற்றுவது செய்தியாகிறது. கொட்டகை கட்டுவது செய்தியாவதில்லை. என்னைக் கேட்டால் டெல்டாவுக்கு முதலில் கொட்டகை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம் அரசுகள் விவசாயிக்காக நிறையச் செலவு செய்கின்றன, இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பணம் தேடிப் போகும் ஆள் வேறு, வயலில் இறங்கும் ஆள் வேறு. அரசின் கண்ணில் விவசாயி என்றால் பட்டாவில் பெயர் இருப்பவர். வருடத்துக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம்.கிசான் நில உரிமையாளருக்குத்தான். கிசான் கிரெடிட் கார்டில், சரியாகக் கட்டினால் 4 சதவிகித வட்டியில், பயிர்க்கடன் வாங்க வேண்டுமானால் சிட்டா, அடங்கல் என்ற நில, பயிர் ஆவணங்கள் வேண்டும். 2021ல் தமிழ்நாடு அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. கூட்டுறவில் கடன் வாங்க முடிந்தவருக்குத்தான் தள்ளுபடி. அந்த அக்கா வாங்கியது மகளிர் குழுவில் ஒன்று, நகையை வைத்து ஒன்று, உரக்கடையில் அறுவடைக் கடனாக ஒன்று, ஊரில் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு ஒன்று. மாதத்துக்கு மூன்று, வருடத்துக்கு 36 சதவிகிதம். ஒரே வயல். அந்த வயலைக் காட்டி நிலக்காரர் 4 சதவிகிதத்துக்கு வாங்க முடியும். அதில் சேற்றில் நிற்பவர் 36 கட்டுகிறார்.

2023 பிப்ரவரி முதல் வாரத்தில், அறுவடைக்கு நின்ற சம்பாவைப் பருவம் தவறிய மழை படுக்க வைத்தது. மாநில அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அந்த ஆறு மாவுக்கான பணம் சென்னையில் இருந்தவர் கணக்குக்குப் போனது. அவர் நல்ல மனிதர், பாதியை அக்காவுக்கு அனுப்பினார். அனுப்ப வேண்டும் என்று சட்டம் இல்லை. பயிர் போனது ஒருவருக்கு, நிவாரணம் இன்னொருவருக்கு, நடுவில் இருப்பது அவருடைய நல்ல மனசு மட்டும்.

ஏன் குத்தகையை எழுதிக்கொள்வதில்லை என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 1955ல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956ல் நியாயவாரச் சட்டம், 1969ல் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யும் சட்டம் எல்லாம் வந்தன. வெளியேற்றத்துக்கும் அடாவடி வாரத்துக்கும் எதிராக எத்தனையோ போராட்டங்களுக்குப் பின் வந்த சட்டங்கள், அவற்றின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அன்றைய நிலக்காரர் நூற்றுக்கணக்கான ஏக்கர் மிராசுதார். இன்றைய நிலக்காரர் பல இடங்களில் இரண்டு ஏக்கரை விட்டுவிட்டு வேலைக்குப் போன ஒரு எழுத்தர், ஒரு ஆசிரியர். எழுதிக் கொடுத்தால் நிலம் போய்விடும் என்று அவர் பயப்படுகிறார். அதனால் எல்லாம் வாய்ப்பேச்சு. பதிவில் வராததால் குத்தகைக்காரர் எத்தனை பேர் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. 2018-19 ஆய்வின்படி நாட்டில் சுமார் 17 சதவிகிதக் கைப்பற்றுகளில், அதாவது ஒருவர் சாகுபடி செய்யும் நிலத் தொகுப்புகளில், குத்தகை நிலம் இருக்கிறது. டெல்டாவில் எந்த ஊரிலும் ஒரு நாள் சுற்றி வந்தால் அது எவ்வளவு குறைவான எண் என்று புரியும்.

வேறு மாநிலங்கள் முயன்றிருக்கின்றன. மேற்கு வங்கம் 1978ல் தொடங்கிய ஆபரேஷன் பர்காவில் சுமார் 14 லட்சம் வாரதாரர்களைப் பதிவு செய்தது. ஆந்திரா 2011லும் மறுபடி 2019லும் சாகுபடியாளருக்குத் தனி அட்டை கொடுக்கச் சட்டம் போட்டது. 2019 சட்டத்தில் நில உரிமைக்குச் சம்பந்தமில்லாமல் 11 மாதத்துக்குச் சாகுபடி உரிமை மட்டும் என்று தெளிவாக வைத்தார்கள். ஒடிசாவின் காலியா உதவித்தொகைத் திட்டம் நிலமற்றவர்களையும் சேர்த்தது. தெலங்கானாவின் ரைத்து பந்து உதவித்தொகை அவர்களை விட்டுவிட்டது. இதிலெல்லாம் குறைகள் உண்டு. ஆந்திராவில் அட்டைக்கு நிலக்காரர் கையெழுத்து வேண்டும் என்பதால் பலருக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் வழி அந்தப் பக்கம்தான் இருக்கிறது: நிலம் யாருடையது என்ற கேள்வியையும், இந்தப் பருவத்தில் பயிர் யாருடையது என்ற கேள்வியையும் பிரிக்க வேண்டும். இப்போது விவசாயிகளுக்கு நில ஆவணத்தோடு இணைத்துத் தனி அடையாள எண் கொடுக்கிறார்கள். பயிர் வைப்பவருக்கும் அதில் ஓர் இடம் வைக்காவிட்டால், இதுவரை வாய்ப்பேச்சில் விடுபட்டவர் இனி கணினியிலும் விடுபடுவார்.

குத்தகைக்காரருக்கும் கீழே இன்னொருவர் இருக்கிறார். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் சாகுபடியாளர் 12.7 கோடி, விவசாயத் தொழிலாளர் 10.7 கோடி. 2011ல் அது தலைகீழாகிவிட்டது: சாகுபடியாளர் 11.9 கோடி, தொழிலாளர் 14.4 கோடி. அந்தக் கணக்கில் கூலிக்கு உழைப்பவர்களே விவசாயத்தில் பெரும்பான்மை, அவர்களில் பட்டியலினத்தவர் மிக அதிகம். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது அரைப்படி நெல் கூடுதல் கூலி கேட்ட போராட்டத்தின் பின்னணியில். அந்த ஊர் என் வீட்டிலிருந்து ரொம்பத் தூரமில்லை. விவசாயத்தைப் பற்றிப் பேசும்போது நில உடைமையாளரின் கஷ்டத்தை மட்டும் பேசிவிட்டு நிறுத்த என்னால் முடியவில்லை. 2022ல் விவசாயத் துறையில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 11,290 பேர் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அதில் பாதிக்கு மேல், 6,083 பேர், தொழிலாளர்கள். செய்தியில் எல்லாரும் "விவசாயி" ஆகிவிடுகிறார்கள். திட்டத்தில் அந்த 6,083 பேரும் விவசாயி இல்லை.

பயிர்க் காப்பீடு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் ஒரு முனையில் நானே நின்றிருக்கிறேன். 2016 முதல் நடக்கும் பிரதமர் பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவிகிதம்தான், நியாயமான தொகை. ஆனால் நான் பணியில் இருந்தபோது இழப்பைப் பெரும்பாலும் தனித்தனி வயலாகப் பார்க்கவில்லை, ஊருக்கு மொத்தமாகப் பார்த்தார்கள். ஒரு வருவாய் கிராமத்தில் நான்கு இடம் தேர்ந்தெடுப்போம். குலுக்கலில் வந்த சர்வே எண்ணுக்குப் போய், வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, நான்கு மூலையில் முளை அடித்து, உள்ளே இருக்கும் பயிரை அறுத்து அடித்துத் தூற்றி எடை போடுவோம். அந்த நான்கு சதுரத்தின் சராசரிதான் ஊரின் விளைச்சல். மேட்டுப் பகுதியில் மூன்று சதுரம் விழுந்தால், வடிகால் ஓரத்தில் பத்து நாள் மூழ்கிக் கிடந்த இருபது வயலுக்கும் ஒன்றும் கிடைக்காது. அப்படிப்பட்ட ஒரு வருடம் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வரும்போது, வடிகால் ஓரத்துக்காரர்கள் வரப்பில் நின்று என்னையே பார்த்தார்கள். முறைப்படிதான் செய்தேன். அந்தப் பார்வை இன்னும் இருக்கிறது.

மூன்றாவது சந்தேகம்: விவசாயிகள் பழைய முறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்களா? இல்லை. பத்து நாளுக்கு மேல் மூழ்கினாலும் தாங்குகிற சி.ஆர்.1009 சப்-1 ரகம் வந்தபோது நாங்கள் பிரச்சாரம் செய்யத் தேவையே இருக்கவில்லை, ஒரு வெள்ளத்தில் அது நின்றதைப் பார்த்தார்கள், அடுத்த வருடம் விதை பற்றாக்குறை. லாபம் கண்ணுக்குத் தெரிந்தால் மாறுகிறார்கள். கெட்ட பழக்கமும் உண்டு, யூரியா. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 பைசா, பல வருடமாக அதே விலை. டி.ஏ.பி. 50 கிலோ 1,350 ரூபாய். மலிவானதைக் கொட்டுகிறோம். பயிர் கரும்பச்சையாக நிற்கும், பார்க்க அழகு. இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் வரும், காற்றில் சாய்ந்துவிடும், மருந்துச் செலவு ஏறும். தப்பு விவசாயி மேல் மட்டும் என்று சொல்ல மாட்டேன், அந்த விலை வித்தியாசத்தை வைத்திருப்பதே அரசுதான்.

பயறு விஷயம் இதைவிட வலிக்கிறது. டெல்டாவில் சம்பா அறுக்க ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது, மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் உளுந்தையும் பச்சைப்பயறையும் நெற்பயிருக்குள்ளேயே வீசிவிடுவோம். உழவு இல்லை, உரம் இல்லை, தண்ணீர் இல்லை. தையில் நெல்லை அறுத்தால் கீழே இரண்டு இலையோடு உளுந்து நிற்கும். பனியையும் மிச்ச ஈரத்தையும் குடித்தே பங்குனியில் காய்த்துவிடும். நெல்லில் வந்த பணம் கடனுக்குப் போகும், உளுந்துப் பணம்தான் வீட்டுக்கு. பிள்ளைகள் துணிமணி, காதுகுத்து எல்லாம் உளுந்தில்தான் நடக்கும். நிலத்துக்கும் தழைச்சத்து சேரும். ஆள் கிடைக்காமல் அறுவடை மெஷின் வந்ததும் இது உடைந்தது. பெல்ட் வண்டி ஏறித் திரும்பும் இடமெல்லாம் இளம் செடி நசுங்கிவிடும். வண்டி எந்தத் தேதியில் வரும் என்று தெரியாததால் எப்போது வீசுவது என்றும் தெரியாது. மேட்டூர் திறப்பு தள்ளிப்போனால், 2024ல் ஜூன் 12க்குப் பதில் ஜூலை 28ல் திறந்ததுபோல, எல்லாமே பின்னால் தள்ளிப் போய் பயறுக்கு ஈரம் மிஞ்சுவதில்லை. இங்கே இப்படி இருக்க, நாடு உளுந்தை மியான்மரிலிருந்தும் துவரையை மொசாம்பிக், தான்சானியாவிலிருந்தும் கப்பலில் கொண்டுவருகிறது. சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி. நெல்லுக்கும் கோதுமைக்கும் வாசலில் அரசு நிற்கிறது. பயறுக்கு ஆதரவு விலை அறிவிக்கப்படுகிறது, வாங்கத்தான் பெரும்பாலும் ஆள் இல்லை. பஞ்சாப் விவசாயி நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போன பிறகும் நெல்லை விடாததற்குக் காரணம் பிடிவாதம் இல்லை. அவருக்கு நிச்சயமாக விற்கும் பயிர் அது ஒன்றுதான்.

விலை கொஞ்சம் ஏறும் நேரத்தில் என்ன நடக்கிறது என்பதையும் கவனியுங்கள். 2022 மேயில் கோதுமை ஏற்றுமதிக்குத் தடை. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை, 2024 செப்டம்பர் வரை. 2023 டிசம்பரில் வெங்காயத்துக்குத் தடை. நகரத்தில் கூலி வேலை செய்பவருக்கும் அரிசி கட்டுப்படியாக வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் விலை விழும்போது "சந்தை" என்கிறோம், ஏறும்போது "பணவீக்கம்" என்கிறோம். நஷ்டம் விவசாயிக்கு முழுதாக வருகிறது, லாபம் பாதி வழியில் நிறுத்தப்படுகிறது. தக்காளிக்கு நாம் கடையில் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது சுமார் 33 பைசா, வெங்காயத்தில் 36 பைசா என்று ரிசர்வ் வங்கியின் ஆய்வு 2024ல் சொன்னது. குஜராத்தின் ஆனந்தில் 1946ல் தொடங்கிய அமுல் கூட்டுறவில் பால் ஊற்றுபவருக்கு நுகர்வோர் ரூபாயின் பெரும்பகுதி போகிறது. காலையும் மாலையும் எடுத்துக்கொள்கிறார்கள், கொழுப்பை அளந்து பணம் கொடுக்கிறார்கள், குளிரூட்டும் தொட்டி ஊருக்குள்ளேயே இருக்கிறது. பால் அரை நாளில் கெட்டுவிடும் பொருள். அதற்கு முடிந்தது தக்காளிக்கு ஏன் முடியவில்லை என்று நான் பலரிடம் கேட்டுவிட்டேன்.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: விளைவிப்பதில் வென்றுவிட்டோம். மழை, விலை, ஈரம், வட்டி என்று எந்த ஆபத்து வந்தாலும் அதைக் கடைசியில் தாங்குவது யார் என்ற கேள்வியைத் தொடவே இல்லை. தாங்குபவர் பெயர் பெரும்பாலும் எந்தக் கணக்கிலும் இல்லை.

படித்துவிட்டு ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்க்கலாமா என்று இதைப் படிக்கும் இளைஞர்கள் சிலர் கேட்பீர்கள். வாருங்கள், தடுக்க மாட்டேன். முதல் இரண்டு வருடத்துச் செலவுக்கு வேறு வருமானம் வைத்துக்கொள்ளுங்கள். நெல்லை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு மாடு, கொஞ்சம் பயறு, வீட்டுக்குக் காய்கறி என்று பிரித்துப் போடுங்கள். சொந்த நிலமென்றால் பட்டா உங்கள் பெயரில் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இன்னும் தாத்தா பெயரில் இருக்கும் நிலம் ஏராளம். குத்தகையென்றால், எழுதித் தர மாட்டேன் என்றாலும் அடங்கலில் பயிர் உங்கள் பெயரில் ஏறுவதற்காவது நிலக்காரரிடம் பேசிச் சம்மதம் வாங்குங்கள்; காப்பீட்டுக்கும் கொள்முதலுக்கும் அது உதவும். வெளியூரில் இருந்துகொண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பவராக இருந்தால், உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ஊருக்கு வரும்போது உங்கள் வயலைச் செய்பவரைக் கிராம நிர்வாக அலுவலகத்துக்குக் கூட்டிப் போய், "இந்தப் பயிர் இவங்களுதுதான்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். போன தையில் சென்னைக்காரர் அந்த அக்காவுக்கு அதைச் செய்தார். அரை நாள்தான் ஆயிற்று. அடங்கல் நகலை அக்கா அந்தப் பழைய பள்ளி நோட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார்.